இறுதி ஆட்டம் முடியட்டும்

மேரிசெலினுக்கு ஹான்ட்போல் விளங்காது. மகள் யூலியானா சிறுபிள்ளையிலிருந்தே கோல் காக்கிறாள். இப்போது அதற்காக டென்மார்க்கின் ஓல்போர்க்கில் ஒரு கழகம் அவளுக்குச் சம்பளமும் கொடுக்கிறது. ஆனாலும் ஏன் விசில் ஊதினார்கள், ஏன் ஒருத்தியை இரண்டு நிமிடம் வெளியே இருத்தினார்கள் என்று கேட்டால் தாய்க்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பாள். அவர் சிரித்தால் தானும் கை தட்டுவாள். இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் ஆட்டம் பார்த்தார்கள் என்பதால் இதை ஒரு குறையாகச் சொல்ல வரவில்லை.

அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை வேறு. எஸ்பியர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருந்தாள், இன்றும் இருக்கிறாள். படுக்கையில் கிடப்பவருக்கு மூச்சு மாறினால் மற்றவர்களுக்கு முன்னே மேரிசெலினுக்குத் தெரிந்துவிடும். உடனே பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுப்பாள். "இப்போது புறப்பட்டு வந்தால் நல்லது" என்று டெனிஷில் சொல்லுவாள், அவ்வளவுதான். சுற்றிவளைக்கக் கூடாது, ஒளிக்கக் கூடாது, நாளைக்கென்று தள்ளக் கூடாது என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கும் சொல்லிக்கொடுப்பாள். உயிர் போனதும் டெனிஷ்காரர் செய்வதுபோல ஜன்னலைத் திறந்துவிட்டு, வந்த பிள்ளைகளுக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்துவாள். இப்படி எத்தனையோ பேருடைய பிள்ளைகளை அவள் நேரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

கணவர் மரியரட்ணம் இலங்கையில் மன்னார்ப் பக்கம், பேசாலை. எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் தொடங்கி, பிறகு துறைமுகத்தில் காற்றாலைச் சாமான்கள் அடுக்கும் களஞ்சியத்துக்கு மாறியவர். அதிகம் கதைக்கமாட்டார். வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றாமலே மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பயிற்சிக்குப் போவார். மற்றப் பெற்றோர் கன்ரீனில் இருந்து கேக் சாப்பிடும்போது இவர் கோலுக்குப் பின்னால் நிற்பார். அவர் மகளுக்குச் சொன்ன ஆலோசனை ஒன்றே ஒன்று: "பந்தைப் பார், ஆளைப் பாராதை." மகள் ஓல்போர்க்குக்குப் போய்த் தனியே இருக்கத் தொடங்கிய பிறகும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல்நாள் பின்னேரம் தகப்பனுக்கு எடுப்பாள். அவர் அதையே சொல்லுவார். அவள் "ஓம் அப்பா" என்பாள். தொலைபேசி வைபடும்.

இனி அந்த ஆட்டப் பருவத்துக்கு வருகிறேன். யூலியானாவின் கழகத்துக்கு வெஸ்தரோ என்று பெயர். அது ஒருநாளும் நாட்டின் கிண்ணத்தைத் தொட்டதில்லை. இலையுதிர் காலத்தில் அடுத்தடுத்துத் தோற்றார்கள். பிறகு முதலாவது கோல்காவலிக்கு முழங்காலில் அடிபட்டது. பெஞ்சில் இருந்த யூலியானாவை உள்ளே விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை நின்ற நிலையை என்னவென்று சொல்வது. பந்து வரும் இடத்தில் கையோ காலோ ஏற்கனவே இருந்தது. கிறிஸ்மஸுக்குப் பிறகு வெஸ்தரோ வெல்லத் தொடங்கியது. ஹான்ட்போல் அரங்கின் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாத ஹேர்னிங் தமிழர் வான் பிடித்து ஓல்போர்க்குக்கு வந்தார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் புள்ளிப்பட்டியல் கதைத்தார்கள். நாற்பது வருடமாக மரியரட்ணத்தைத் திரும்பிப் பார்க்காதவர்களும் அவர் தோளில் கை போட்டு நின்று படமெடுத்தார்கள்.

மார்ச் மாதம் மரியரட்ணத்துக்கு வயிற்று நோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கணையத்தில் புற்றுநோய். வெட்டி எடுக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது என்று வைத்தியர் நேராகவே சொன்னார். இலையுதிர் காலம் வரைக்கும் இருக்கலாம் என்றார். கார்த் தரிப்பிடத்துக்கு வந்து வெகுநேரம் காரை எடுக்காமல் இருந்தார்கள். மரியரட்ணம்தான் முதலில் வாய் திறந்தார்.

"யூலிக்குச் சொல்லவேண்டாம், செலின். இறுதி ஆட்டம் முடியட்டும். கோல் காக்கிற பிள்ளை. மனம் கலங்கினால் கை கலங்கும்."

"ஓம்," என்றாள் மேரிசெலின். அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு தனித் திறமை உண்டு. சோதனை எழுதும் பிள்ளைக்குச் சாவு சொல்லமாட்டோம். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சொல்லமாட்டோம். கலியாணம் ஒன்று நடக்க இருந்தால் அந்த வீட்டுக்கே சொல்லமாட்டோம். ஆளைப் பொறுத்து நாள் பார்த்து, பக்கத்தில் ஆட்களை வைத்து, தண்ணீர் கொடுத்து இருத்திவிட்டுத்தான் சொல்லுவோம். அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். மேரிசெலினுக்கே அது நடந்தது. அவள் யூலியானாவை வயிற்றில் சுமந்த நாட்களில் மன்னாரில் அவளுடைய தகப்பன் செத்துப்போனார். அவளுடைய தமையன் குருசுமுத்து பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் முடியும்வரை அதை மறைத்துவைத்தார். சொன்னபோது அவள் அழுது விழுந்தாள். பிறகு அண்ணை என்னில் உள்ள பாசத்தில்தானே செய்தார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆகவே இந்த விஷயத்தையும் குருசுமுத்துவிடம் கொண்டுபோனாள். அவருக்கு அனுபவம் இருக்கிறது.

குருசுமுத்து முழு டென்மார்க்கையும் ஒரு கயிற்றில் கட்டினார். எஸ்பியர்க்கிலிருந்து ஓல்போர்க் வரை எல்லாருடைய வட்ஸ்அப்பிலும் ஒரே செய்தி போனது: மரியரட்ணத்துக்காகச் செபியுங்கள், யூலியானாவுக்குத் தெரியக் கூடாது. ஒரு சின்ன விஷயத்தைக்கூட அரை நாள் வயிற்றில் வைத்திருக்க முடியாத சனம், மார்ச்சிலிருந்து ஜூன் வரை வாயைத் திறக்கவில்லை. நல்லதுக்கென்று நம்பினால் எங்களால் எதையும் செய்ய முடியும்.

உயிர்த்த ஞாயிறுக்கு யூலியானா ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். தகப்பன் தடித்த சுவெற்றர் போட்டுக்கொண்டு சாய்கதிரையில் இருந்தார்.

"அப்பா மெலிஞ்சு போனார்," என்றாள் அவள்.

"சுகர் கூடிப்போச்சு. டொக்டர் சோத்தைக் குறைக்கச் சொன்னவர்," என்றாள் தாய்.

தமிழ்த் தகப்பன்மாரில் சுகர் இல்லாதவர் யார். யூலியானா நம்பினாள். தகப்பனுக்கு உணவு அட்டவணை ஒன்று அனுப்புவதாகச் சொன்னாள், அனுப்பியும் வைத்தாள். புறப்படும்போது அவர் வாசல்வரை நடந்து வந்து கார் மறையும்வரை நின்றார். அதற்குப் பிறகு அவர் அவ்வளவு தூரம் நடக்கவில்லை.

வெஸ்தரோ அரையிறுதியை வென்றது. இறுதிச் சுற்றில் தலைநகர் அணியோடு மோதினார்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்பவருக்குக் கிண்ணம். முதலாவதைத் தோற்றார்கள், இரண்டாவதை வென்றார்கள். நோய் வைத்தியரின் கணக்கைக் கேட்கவில்லை. மரியரட்ணம் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார், இரண்டாவது ஆட்டத்தைப் படுக்கையில் இருந்தபடி ரீவியில் பார்த்தார். கிர்ஸ்தன் என்ற தாதி ஒருத்தி அவருக்கு ஊசி போட வந்து, திரையில் யூலியானாவைப் பார்த்துவிட்டு மேரிசெலினிடம் கேட்டாள்:

"உங்கள் மகளுக்குத் தெரியுமா?"

"ஆட்டம் முடிந்த பிறகு சொல்லுவோம்."

"அவள் வளர்ந்த பெண். அதை அவள் அல்லவா தீர்மானிக்க வேண்டும்?"

மேரிசெலின் சிரித்துச் சமாளித்தாள். உங்களுக்கு எங்கள் பிள்ளை வளர்ப்புத் தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது ஆட்டம் சனிக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் மரியரட்ணம் கண் திறந்து கதவைப் பார்த்தார்.

"யூலி எங்க?"

"வருவாள்," என்றாள் மேரிசெலின்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டார். "பிள்ளையைக் கூப்பிடன்."

அவள் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள். குருசுமுத்து கட்டிலின் மறுபக்கம் நின்றார்.

"மருந்து மயக்கத்தில கதைக்கிறார், தங்கச்சி. சுகமாயிருக்கேக்க அவர் என்ன சொன்னவர்? இறுதி ஆட்டம் முடியட்டும் எண்டவர். இன்னும் ரெண்டு நாள்தானே. இவ்வளவு நாள் காத்துப்போட்டு இப்ப குழப்பிறதே?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மேரிசெலின் அந்த நேரத்தில் இன்னொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மரியரட்ணத்தின் மூச்சு மாறியிருந்தது. இரண்டு மூச்சுக்கு நடுவே ஒரு இடைவெளி விழத் தொடங்கியிருந்தது. இது இரண்டு நாள் தாங்காத மூச்சு என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும் தெரியும். வேறு யாருடைய கட்டிலாக இருந்தாலும் அவள் அப்போதே பிள்ளைகளுக்கு எடுத்திருப்பாள். தன் வீட்டுக் கட்டிலில் அவள் தொலைபேசியைக் கைப்பைக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மரியரட்ணம் போய்ச் சேர்ந்தார். கிர்ஸ்தன் வந்து ஜன்னலைத் திறந்தாள்.

அன்று பின்னேரம் வீடு நிறைந்த சனம். குசினியில் தேத்தண்ணி கொதித்தது. வரவேற்பறையில் பெண்கள் நிலத்திலிருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகப்புத்தகத்தில் ஒருவரும் கண்ணீர் அஞ்சலி போடவில்லை. எங்கள் சரித்திரத்தில் இப்படி ஒரு சாவு வீடு இருந்திருக்காது. அந்த நேரம் மேரிசெலினின் தொலைபேசி அடித்தது. திரையில் யூலியானாவின் பெயர்.

செபமாலை பாதியில் நின்றது. அழுதுகொண்டிருந்தவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்தினாள். ஒரு தாய் தன் குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

"அம்மா, அப்பாவிட்டக் குடுங்கோ," என்றாள் யூலியானா.

"அப்பா நித்திரை, பிள்ளை."

"இந்த நேரத்திலயா?"

"களைச்சுப்போனார். சுகர் மருந்து மாத்தினவை." மேரிசெலின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பந்தைப் பார், ஆளைப் பாராதை எண்டு உனக்குச் சொல்லச் சொன்னவர்."

அந்தப் பக்கம் யூலியானா சிரித்தாள். "ஓம் எண்டு சொல்லுங்கோ," என்றாள். தொலைபேசி வைபட்டது. செபமாலை விட்ட மணியிலிருந்து தொடர்ந்தது.

மறுநாள் ஓல்போர்க்குக்குப் போவதா என்ற பேச்சு வந்தபோது குருசுமுத்து ஒரே முடிவாக இருந்தார். "நீ அரங்கில இல்லாட்டில் அவள் கண்டுபிடிச்சிடுவாள்," என்றார். ஆகவே கணவன் பிரேத அறையில் கிடக்க, மேரிசெலின் வெஸ்தரோவின் நீலச் சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். ஒரு மனுஷியால் இதையெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். அவளால் முடிந்தது.

அரங்கில் எங்கள் ஆட்கள் நான்கு வரிசை நிறைய இருந்தார்கள். எல்லாரும் நீலச் சட்டை. யூலியானா உள்ளே ஓடிவந்ததும் வழக்கம்போலக் கண்ணால் தாயைத் தேடிப் பிடித்தாள், கையைத் தூக்கினாள். அந்த நான்கு வரிசையும் கையைத் தூக்கியது. ஆட்டம் கடைசிவரை இழுபட்டது. முடியும் தறுவாயில் தலைநகர் அணிக்கு தண்டனையாக ஒரு ஏழு மீற்றர் எறிதல் கிடைத்தது. அது கோலானால் ஆட்டம் சமம், பிடித்தால் கிண்ணம். எறிந்தவள் இரண்டு தரம் பொய்யாகக் கை வீசிக் காட்டினாள். யூலியானா அசையவில்லை. மூன்றாவது தரம் பந்து வந்தபோது இடது கால் மேலே போனது. பந்து காலில் பட்டுக் கூரைப் பக்கம் பறந்தது.

அரங்கம் இடிந்து விழுவதுபோலச் சத்தம். எங்கள் நான்கு வரிசையும் எழுந்து நின்று கை தட்டியபடியே அழுதது. வாய் விட்டு, தோள் குலுங்க அழுதது. வெள்ளிக்கிழமை அடக்கி வைத்த அழுகைக்கு அங்கேதான் இடம் கிடைத்தது. ரீவிக் கமெரா மேரிசெலினின் முகத்தை அருகே காட்டியது. வர்ணனையாளர் அதை ஒரு தாயின் ஆனந்தக் கண்ணீர் என்று சொன்னார்.

வீட்டுக்குக் கூட்டிப்போய், நாளைக்கு, ஆறுதலாகச் சொல்வது என்றுதான் குருசுமுத்துவின் திட்டம். இன்றைக்கு அவள் கொண்டாடட்டும் என்றார். ஆனால் யூலியானா உடுப்பு மாற்றாமலே ஓடிவந்து, அரங்கின் பின் வழியில் தாயைக் கட்டிப்பிடித்து, தங்கப் பதக்கத்தைக் கழற்றித் தாயின் கழுத்தில் போட்டாள். வியர்வையும் சிரிப்புமாக நின்றாள்.

"அப்பாவை வீடியோவில கூப்பிடுங்கோ, அம்மா. பாத்திருப்பார்தானே?"

மேரிசெலின் தமையனைப் பார்த்தாள். அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். அவள் மகளைப் பார்த்தாள். இன்னொரு பொய்யை எடுக்க அவளுக்குள் இடம் இருக்கவில்லை.

"அப்பா செத்துப்போனார், பிள்ளை. நேற்றுக் காலமை."

யூலியானாவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. அது போவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது. தாய் கணையத்தைப் பற்றிச் சொன்னாள், மார்ச் மாதத்தைப் பற்றிச் சொன்னாள்.

"நேற்றுப் பின்னேரம் நான் எடுத்தனான்," என்றாள் மகள்.

"ஓம்."

"பந்தைப் பார் எண்டது அப்பா சொன்னதா, நீங்க சொன்னதா?"

"நான்."

யூலியானா டெனிஷுக்கு மாறினாள். அவளுக்கு அழுகை வரும் மொழி அதுதான். "நான் முன்பே வந்து அப்பாவோடு இருந்துவிட்டு இங்கே வந்து விளையாடியிருப்பேன். அல்லது விளையாடாமல் விட்டிருப்பேன். அது என்னுடைய தீர்மானம். நீ மற்றவர்களின் பிள்ளைகளைக் கூப்பிடுகிறாயே, அம்மா. ஒவ்வொரு கிழமையும் கூப்பிடுகிறாயே."

மேரிசெலின் கழுத்தில் கிடந்த பதக்கத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

"மயக்கத்தில இருந்தவர், பிள்ளை," என்று குருசுமுத்து முன்னுக்கு வந்தார். "அவருக்கு ஒண்டும் தெரியாது."

"கேட்டவர்," என்றாள் மேரிசெலின். "ரெண்டு தரம் கேட்டவர். கூப்பிடச் சொன்னவர். நான் ஃபோனைக் கையில எடுத்திட்டு வச்சனான்."

யூலியானா சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். தாய் குனிந்து தோளைத் தொட்டாள். மகள் கையைத் தட்டிவிடவில்லை, பிடிக்கவும் இல்லை.

அன்றிரவே யூலியானா காரில் எஸ்பியர்க் போய், மறுநாள் காலை பிரேத அறையில் தகப்பனின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள். கை குளிர்ந்திருந்தது. அடக்கப் பூசையில் கோயில் கொள்ளாத கூட்டம். யூலியானா எழுந்து நின்று தகப்பனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினாள். முடிவில் கூட்டத்தைப் பார்த்து, இந்த முறை தமிழில், "உங்கள் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது," என்றாள். குருசுமுத்து உட்பட ஒருவரும் தலை நிமிரவில்லை. எல்லாரும் அந்தப் பிள்ளையில் உயிரையே வைத்திருந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பாசத்தாலேயே ஒரு தகப்பனையும் மகளையும் பிரித்துவைத்தார்கள் என்பதிலும் சந்தேகம் இல்லை.

யூலியானா தாயை விட்டுப் போகவில்லை. முந்தியதைவிட அடிக்கடி எடுக்கிறாள். இப்போது புதிய பருவம் தொடங்கிவிட்டது. ஆட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் தொலைபேசி அடித்தால், மேரிசெலின் ஒன்றையும் மிச்சம் விடாமல் சொல்லுகிறாள். முழங்கால் நோ, கூடின பிறஷர், மாமா வழுக்கி விழுந்தது, இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் சொல்லுகிறாள். சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் "சுகமாயிருக்கிறன், பிள்ளை" என்கிறாள்.

அந்தப் பக்கம் சத்தம் இராது. மகள் காத்திருக்கிறாள் என்று தாய்க்குத் தெரியும். "பக்கத்தில ஆர் நிக்கினம், அவையிட்டக் குடுங்கோ" என்று மகள் கேட்கும்வரை இப்போது தாய் வைத்திருப்பதில்லை. கூட வேலை செய்யும் தனுசியாவோ, படியில் ஏறிவரும் பக்கத்து வீட்டு டெனிஷ்காரியோ, யார் பக்கத்தில் நின்றாலும் தொலைபேசியை அவர்களிடம் நீட்டுகிறாள். மேரிசெலின் நன்றாக இருக்கிறாள் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன பிறகுதான் யூலியானா "சரி அம்மா" என்கிறாள்.